பாட்டி இல்லாத ஊர்

குழந்தை வளர்ப்பது ஒரு தனி வித்தை என்று நம் நாட்டுக் குடும்பங்கள் நெடுங்காலம் நினைத்ததில்லை. தாய் அடுப்பங்கரையில் இருந்தால் பாட்டி திண்ணையில் இருப்பாள். பாட்டிக்கு அலுத்துப்போனால் அத்தை. அத்தைக்கும் கை ஓயவில்லையென்றால் எதிர்வீட்டு மாமி. குழந்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறி, விளக்கேற்றும் நேரத்துக்குள் பத்து மடிகளில் உட்கார்ந்து பார்த்துவிடும். இத்தனை மடிகளும் இல்லாத ஓர் ஊரில் தாயும் தகப்பனும் என்ன செய்வார்கள்? இங்கிலாந்துக்குச் சென்றிருந்தபோது நாம் கண்டறிய விரும்பியது இதைத்தான். அரண்மனைகளையும் மணிக்கூண்டுகளையும் பற்றி எழுதியவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆகையால் அவற்றை விட்டுவிட்டு, கைக்குழந்தையும் தள்ளுவண்டியும் சோற்று மூட்டையுமாகக் கிழக்கு லண்டனில் சுற்றிய ஒரு நாளைப் பற்றி நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

2023-ம் வருஷம் ஆகஸ்டு மாதம். நமது தங்கையின் குடும்பம் ஈஸ்ட் ஹாம் என்னும் பேட்டையில் குடியிருக்கிறது. அங்கே கடைத்தெருவில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கலாம். மகாலக்ஷ்மி கோயில் மணியோசையைக் கேட்கலாம். தமிழில் எழுதிய பெயர்ப்பலகைகளைப் படிக்கலாம். எல்லாம் உண்டு, பாட்டி மட்டும் இல்லை. தங்கைக்கு ஆறு வயதில் ஒரு பெண், இரண்டு வயது நிறைந்த ஒரு பிள்ளை. தங்கையும் அவள் கணவரும் உத்தியோகத்துக்குச் செல்பவர்கள்.

அந்த நாட்டில் குழந்தைகளின் அன்றாட வாழ்க்கையை முதலில் ஆள்வது வானம். ஆகஸ்டில் இரவு எட்டு மணிக்கும் வெளிச்சம் போகாது. 'பகலிலே ஏன் தூங்கச் சொல்கிறாய்?' என்று கேட்கும் குழந்தையைக் கனத்த திரையை இழுத்து மூடி ஏமாற்றித்தான் படுக்க வைக்கவேண்டும். டிசம்பரிலோ மாலை நாலு மணிக்குள் இருட்டிவிடும். மழை எந்த நேரமும் வரலாம். ஆனால் மழை என்று சொல்லி யாரும் குழந்தைகளை வீட்டுக்குள் அடைப்பதில்லை. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸும் மழைக்கோட்டும் மாட்டி அனுப்பிவிடுகிறார்கள். தேங்கிய நீரைக் கண்டால் குழந்தைகள் அதில் குதிக்கின்றன. பெற்றோர் பொறுமையாக நிற்கிறார்கள். பள்ளி நாட்களில் காலையில் தாயோ தகப்பனோ குழந்தையைக் கைபிடித்து நடத்திக் கொண்டுபோய் விடுகிறார்கள். பல பள்ளிகளுக்கு அருகே, நீண்ட கம்பின் உச்சியில் வட்டப் பலகை ஒன்றைத் தாங்கிய ஒரு ஸ்திரீ சாலை நடுவில் வந்து நிற்பாள். பலகையைக் கண்டதும் எப்பேர்ப்பட்ட மோட்டாரும் நின்றாக வேண்டும். குச்சி மிட்டாய் போன்ற அந்தப் பலகையின் காரணமாக அவளுக்குக் 'குச்சி மிட்டாய் அம்மாள்' என்று குழந்தைகள் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகைக்கு அத்தனை அதிகாரத்தைக் கொடுத்தது 1953-ம் வருஷத்துச் சட்டம்.

நிற்க. எங்கள் பிரயாணத்துக்கு வேறொரு காரணமும் இருந்தது. பிள்ளையைப் பகலில் பார்த்துக்கொள்ளும் காப்பகத்துக்குக் கட்டவேண்டிய பணம், தங்கையின் சம்பளத்தில் பெரும்பகுதியை விழுங்கிக்கொண்டிருந்தது. வேலையை விட்டால் வீட்டு வாடகைக்குக் கஷ்டம். விடாவிட்டால் யாருக்காக உழைக்கிறோம் என்ற ஏக்கம். கடைசியில் ஒரு யோசனை தோன்றியிருந்தது: சின்னவனைப் பள்ளியில் சேர்க்கும் வயது வரும் வரையில் ஊரில் பாட்டியிடம் விட்டுவைப்பது. கடல் கடந்து வாழும் குடும்பங்கள் பலவற்றுக்கு இந்த யோசனை புதிதல்ல. திரும்பும்போது அவனை எங்களுடன் அழைத்துச் செல்வதா வேண்டாமா என்பது அந்த மாதத்துக்குள் முடிவாக வேண்டியிருந்தது. வீட்டில் இதைப் பற்றி யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. தங்கை மட்டும் இரவில் அவனுடைய சின்னச் சட்டைகளை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

இந்த நிலையில்தான் ஒரு நாள், "அக்கா, நாளைக்கு எங்கேயாவது போகலாம். செலவில்லாத இடமாகப் போகலாம்" என்றாள்.

செலவில்லாத இடங்கள் லண்டனில் இருக்கின்றன என்பதே பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். பதினொரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அந்நகரின் பஸ்ஸிலும், பெரியவர்களோடு சென்றால் பாதாள ரயிலிலும் கட்டணம் கிடையாது. நாட்டின் பெரிய காட்சிசாலைகளில் 2001-ம் வருஷம் முதல் யாருக்குமே நுழைவுக் கட்டணம் இல்லை. தயிர் சாதமும் உருளைக்கிழங்குக் கறியும் டப்பாவில் அடைத்துக்கொண்டோம். தள்ளுவண்டியின் அடித்தட்டில் மாற்றுத் துணியும் தண்ணீர்க் குப்பியும் மழைக்கோட்டும் ஏறின. ஈஸ்ட் ஹாமில் ரயில் ஏறி, மைல் எண்டில் வண்டி மாறி, அடுத்த ஸ்டேஷனான பெத்னல் கிரீனில் இறங்கினோம்.

ஸ்டேஷன் படிகளைவிட்டு மேலே வந்ததும், பக்கத்துத் தோட்டத்தில் ஒரு விசித்திரமான ஞாபகச் சின்னத்தைக் கண்டோம். தேக்கு மரத்தால் செய்த படிக்கட்டு ஒன்று ஆகாயத்தில் தலைகீழாகத் தொங்குகிறது. 1943-ம் வருஷம் மார்ச்சு மாதம் 3-ந் தேதி இரவு, விமானத் தாக்குதலுக்கு அஞ்சி ஜனங்கள் இந்தச் சுரங்க ஸ்டேஷனுக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அருகிலிருந்த விக்டோரியா பூங்காவிலிருந்து, அதுவரை அவர்கள் கேட்டறியாத புதுவகை விமான எதிர்ப்பு ராக்கெட்டுகள் பேரிரைச்சலுடன் சீறிப் பாய்ந்தன. குண்டு விழுகிறது என்று எண்ணிக் கூட்டம் நெருக்கியது. மழையில் நனைந்திருந்த இருட்டுப் படிகளில் ஒரு பெண் இடறி விழுந்தாள். அவள்மேல் மற்றவர்கள் விழுந்தார்கள். பத்தொன்பதே படிகள்! அவற்றில் 173 பேர் மூச்சுத் திணறி மாண்டார்கள். அவர்களில் 62 பேர் குழந்தைகள். அன்றிரவு அங்கே ஒரு குண்டும் விழவில்லை. நுழைவாயிலைச் சீர்செய்ய அனுமதி வேண்டுமென்று உள்ளூர் நகரசபை முன்பே கேட்டிருந்தது, மேலதிகாரிகள் மறுத்திருந்தார்கள். கைப்பிடிக் கம்பிகள் போடப்பட்டது விபத்துக்குப் பிறகுதான். ஞாபகச் சின்னம் முழுமை பெற்றது 2017-ம் வருஷத்தில்.

பெயர் வரிசையில், ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து வரும் இடங்களில் தங்கையின் விரல் நின்று நின்று நகர்ந்தது. "படிக்கட்டு ஏன் தலைகீழாக இருக்கிறது, பெரியம்மா?" என்று பெண் கேட்டாள். "இங்கே நிறையப் பேர் விழுந்துவிட்டார்கள் அம்மா. அவர்களை மறக்காமல் இருப்பதற்காக" என்றோம். ஆறு வயதுக்கு அவ்வளவு விடை போதும் என்று தோன்றியது. தங்கை ஒன்றும் பேசாமல் சின்னவனை வண்டியிலிருந்து தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் குழந்தைகளுக்கென்றே ஒரு காட்சிசாலை இருக்கிறது. 1872-ல் திறக்கப்பட்ட இரும்புக் கட்டடம் அது. நீண்டகாலம் குழந்தைப் பருவக் காட்சிசாலை என்று பெயர் பெற்றிருந்து, நாங்கள் போவதற்கு முந்தின மாதந்தான் 'யங் வி அண்டு ஏ' என்ற பெயரில் புதுப்பித்துத் திறக்கப்பட்டிருந்தது. 'தொடாதே' என்று சொல்வதற்கே காட்சிசாலைகள் ஏற்பட்டவை என்று நாம் எண்ணியிருந்தோம். இங்கேயோ தொட்டும் தட்டியும் அடுக்கியும் கலைத்தும் விளையாடுவதற்கு வேண்டிய ஏற்பாடுகளை நிறையச் செய்திருக்கிறார்கள். ஜெர்மனியில் நூரம்பர்க் நகரத்தில் செய்த, 1673-ம் வருஷத்துப் பொம்மை வீடு ஒன்று இந்தக் காட்சிசாலையின் செல்வங்களில் சேர்ந்தது. சின்னவனுக்கு அந்த வீடுகள் ஒன்றும் லட்சியமில்லை. வழுவழுப்பான தரைதான் அவனுக்குப் பிடித்தது. மீன் செதில்போலச் சலவைக்கல் துண்டுகள் பதித்த அந்தத் தரையில் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ஓடினான். அந்தத் தரைக்கான கற்களைப் பதித்தவர்கள், சென்ற நூற்றாண்டுக்கு முந்தின நூற்றாண்டில் வோக்கிங் சிறையில் இருந்த கைதிப் பெண்கள். தங்கள் கைவேலையின்மேல் ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னும் பிறர் குழந்தைகள் ஓடி விளையாடும் என்று அவர்கள் நினைத்திருப்பார்களோ என்னவோ!

பசி வந்தது. பழைய ஓல்டு போர்டு சாலை வழியாக நடந்து விக்டோரியா பூங்காவை அடைந்தோம். இருநூறு ஏக்கருக்கு மேல் விஸ்தீரணம். ஏரி, வாத்துகள், வானளாவிய மரங்கள், எங்கு பார்த்தாலும் புல்தரை. புல்லின்மேல் சமுக்காளம் விரித்து டப்பாவைத் திறந்தோம். சற்றுத் தள்ளி வங்காளத் தாய் ஒருத்தி தன் மூன்று குழந்தைகளுக்கு ரொட்டியை உருட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இன்னொரு பக்கம் ஓர் ஆங்கிலத் தகப்பன் சட்டையெல்லாம் ஜாம் பூசிய தன் மகனைத் துடைத்துக்கொண்டிருந்தான். பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகை செய்வதற்குள் குழந்தைகள் ஒரே பந்தைத் துரத்த ஆரம்பித்துவிட்டன.

ராணியின் பெயரைப் பார்த்துவிட்டு, இது ராணி தந்த தானம் என்று நினைப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். 1830-களில் கிழக்கு லண்டன், நெரிசலும் சாக்கடையும் காய்ச்சலும் நிறைந்த இடம். ஜனன மரணக் கணக்குகளை ஆராய்ந்த வில்லியம் பார் என்பவர், இப்பகுதி ஜனங்கள் மற்றவர்களைவிட அதிகமாக மடிகிறார்கள் என்று 1839-ல் எடுத்துக்காட்டி, இங்கே ஒரு பூங்கா அமைத்தால் பல உயிர்கள் பிழைக்கும் என்று எழுதினார். மறு வருஷமே முப்பதாயிரம் பேர் கையெழுத்திட்ட மனு ஒன்று ராணிக்குப் போயிற்று. 1841-ல் சட்டம் நிறைவேறியது. மேற்கு லண்டனில் யார்க் ஹவுஸ் என்ற பெரிய மாளிகை 72,000 பவுனுக்குப் பிரபு ஒருவருக்கு விற்கப்பட்டது. அந்தப் பணத்திலிருந்து நிலம் வாங்கினார்கள். 1845-ல் ஜனங்கள் உள்ளே நுழைந்தார்கள். பிரபுவின் மாளிகை தொழிலாளியின் குழந்தைக்குப் புல்தரையாக மாறிய கதை இது.

இந்தப் பூங்கா மேடைப் பேச்சுக்கும் பேர்போனது. இங்கே பேசியவர்களில் ஒருவரை நம் நாட்டில் அறியாதார் இல்லை: அன்னி பெஸண்ட் அம்மையார். 1917-ல் காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை வகித்தவராகவும், 1933-ல் அடையாற்றில் உயிர் நீத்தவராகவுமே அவரை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். இந்தியாவுக்கு வருவதற்கு ஐந்து வருஷம் முன்பு, பூங்காவிலிருந்து எட்டிவிடும் தூரத்திலுள்ள பேர்பீல்டு சாலையில் இருந்த தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களுக்காக அவர் பேனாவை எடுத்தார். அற்பக் கூலி, அதிலும் பேசினால் அபராதம், தாமதித்தால் அபராதம், தாடை எலும்பை அழுகச் செய்யும் பாஸ்பரஸ். வேலை செய்தவர்களில் பலர் பள்ளி வயதைத் தாண்டியும் தாண்டாத சிறுமிகள். 1888-ம் வருஷம் ஜூன் மாதம் அம்மையாரின் கட்டுரை வெளிவந்தது. ஜூலையில் சுமார் 1,400 பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த மாதத்திற்குள்ளேயே அபராதங்கள் ஒழிந்தன. அதே வருஷம் லண்டன் பள்ளிக்கூட போர்டுக்கு இப்பகுதி ஜனங்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். பசித்த வயிற்றில் பாடம் ஏறாது, ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளியிலேயே உணவு தரவேண்டும் என்று அவர் அங்கே வாதாடினார்.

பள்ளிகளில் உணவளிக்க உள்ளூர்ச் சபைகளுக்கு அதிகாரம் தரும் சட்டம் வந்தது 1906-ல். இங்கிலாந்தில் முதல் மூன்று வகுப்புக் குழந்தைகள் எல்லோருக்கும் 2014 முதல் பகலுணவு இலவசம். லண்டனில் ஆரம்பப் பள்ளிக் குழந்தைகள் அனைவருக்குமே அது 2023 செப்டம்பரில், நாங்கள் புல்தரையில் உட்கார்ந்திருந்ததற்கு அடுத்த மாதம், ஆரம்பமாயிற்று. இந்தக் கணக்கில் நாம் தலைகுனிய வேண்டியதில்லை. சென்னை நகரசபை 1920-லேயே தன் பள்ளியில் பகலுணவு கொடுத்துப் பார்த்தது. காமராஜர் 1950-களில் அதை ராஜ்யம் முழுவதும் பரப்பினார். பள்ளி உபாத்தியாயராகச் சொல்கிறோம்: மணியடித்ததும் தட்டோடு ஓடிவரும் குழந்தையின் முகத்தைக் கண்டவர்களுக்கு இதன் அருமையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சாப்பாடு முடிந்தது, எதிர்பார்த்தபடியே மழையும் வந்தது. மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு பூங்காவின் தெற்கோரமாக நடந்தோம். அங்கே ஒரு கட்டடத்தின் பக்கச் சுவரில் ஸில்வியா பாங்கர்ஸ்ட் அம்மையாரின் பெரிய உருவம் தீட்டியிருக்கிறது. பெண்களின் வாக்குரிமைக்காகச் சிறை சென்றவர் அவர். முதல் உலக யுத்தத்தின்போது கணவன்மார் போர்க்களத்தில் இருக்க, விலைவாசி ஏறப் பாலும் கிட்டாத தாய்மார் இந்தத் தெருக்களில் தவித்தார்கள். 1915-ல் ஸில்வியா அம்மையார் இங்கே ஒரு பழைய மதுக்கடையை எடுத்துக்கொண்டார். 'துப்பாக்கி செய்வோர் விடுதி' என்ற அதன் பெயர் 'தாய்மார் விடுதி' ஆயிற்று. சாராயம் விற்ற இடத்தில் பால் கொடுத்தார்கள்; வைத்தியம் பார்த்தார்கள்; வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பகலெல்லாம் வைத்துக் காத்தார்கள். மாண்டிஸோரி முறையில் பாடம் சொல்லவும் செய்தார்கள். அந்த மாண்டிஸோரி அம்மையாரே 1939-ல் அடையாற்றுக்கு வந்து நம் உபாத்தியாயர்களுக்குப் பயிற்சி அளித்தார் என்பது நேயர்களுக்கு நினைவிருக்கலாம்.

அந்தச் சுவரின் எதிரில்தான் தங்கை முதன்முதலாக வாய் திறந்தாள். "நூறு வருஷத்துக்கு முன்னாலேயே இதற்கு வழி செய்திருக்கிறார்கள். நான் என்னவோ பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதது என் தலையெழுத்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அக்கா" என்றாள். தலையெழுத்து என்று நினைக்கும் வரையில் மனுஷர் மனுப்போட மாட்டார்கள். நாம் பதில் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளை மழையில் குதித்த சத்தமே போதுமானதாக இருந்தது.

கடைசியாக பஸ் ஏறிச் சென்ற பேட்டையின் பெயர் 'போ'. தமிழில் அது விரட்டுகிற சொல். ஆனால் 1931-ல் அந்தப் பேட்டை காந்தி மகானை 'வா' என்று அழைத்தது! வட்டமேஜை மகாநாட்டுக்கு வந்த மகாத்மா பெரிய ஹோட்டல்களை மறுத்துவிட்டு, ம்யூரியல் லெஸ்டர் அம்மையார் ஏழைகளுக்காக நடத்திவந்த கிங்ஸ்லி ஹாலில், மொட்டைமாடியிலிருந்த ஒரு சிறு அறையில் ஏறத்தாழ மூன்று மாதம் தங்கினார். விடியற்காலையில் இந்தத் தெருக்களில் அவர் உலாவுவார். குழந்தைகள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்ளும். 'காந்தி மாமா' என்று கூப்பிடும். லெஸ்டர் சகோதரிகள் அருகிலேயே 1923-ல் ஏற்படுத்திய 'குழந்தைகள் இல்லம்' என்ற பாலர் பள்ளியின் சிறுவர் சிறுமியர், அவர் பிறந்த நாளன்று தங்கள் விளையாட்டுச் சாமான்களைப் பரிசாக அனுப்பினார்கள். கிங்ஸ்லி ஹால் சுவரில் அவர் தங்கியதைச் சொல்லும் வட்டமான நீலப் பலகை இருக்கிறது. ஆறு வயதுப் பெண் அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"காந்தித் தாத்தா ஏன் ஹோட்டலுக்குப் போகவில்லை, பெரியம்மா?"

"ஹோட்டலில் குழந்தைகள் இருக்கமாட்டார்களே!" என்றோம். அவளுக்கு அந்த விடை முற்றிலும் நியாயமாகப் பட்டது.

வீடு திரும்பும் ரயிலில் இருவரும் தூங்கிவிட்டார்கள். தங்கை கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். வேலைக்குப் போகும் பெற்றோரின் இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு வாரம் 15 மணி நேரம், பள்ளி நடக்கும் வாரங்களில், காப்பகச் செலவைச் சர்க்கார் ஏற்கும் என்று அந்த வருஷம் மார்ச்சு மாதம் அறிவித்திருந்தார்கள். அது அடுத்த ஏப்ரலில் நடைமுறைக்கு வருவதாக இருந்தது. குடியுரிமை பெற்ற குடும்பமாகையால் அவர்களுக்கும் அது உண்டு. "ஏப்ரலுக்கு இன்னும் எட்டு மாதம். அதுவரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுகிறேன். அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு" என்றாள். செப்டம்பரில் நாம் தனியாகத்தான் விமானம் ஏறினோம். ஊரில் பாட்டி தொட்டிலுக்குக் கயிறு வாங்கி வைத்திருந்தாள். செய்தியைக் கேட்டு வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "குழந்தை தாயிடம் இருப்பதுதான் சரி" என்று சொல்லி உள்ளே போனாள். நியாயமான முடிவுக்கும் யாராவது ஒருவர் விலை கொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது.

ஏப்ரலில் அந்த உதவி சொன்னபடி வந்தது. 2025 செப்டம்பரிலிருந்து அது ஒன்பது மாதக் குழந்தை முதல் வாரம் 30 மணி நேரமாக விரிந்தது. ஆனால் பிரிட்டனில் வந்ததெல்லாம் நிலைத்துவிடவில்லை. 1946 முதல் பள்ளிக் குழந்தைகள் எல்லோருக்கும் கிடைத்துவந்த இலவசப் பால், ஆரம்பப் பள்ளிகளில் ஏழு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 1971-ல் நின்றது. 1998-ல் தொடங்கிய திட்டத்தால் ஏற்பட்ட குழந்தை நிலையங்களில் பலவும், பொது நூல்நிலையங்களில் பலவும் 2010-க்குப் பின் பணமில்லை என்று மூடப்பட்டன. கேட்டுப் பெற்றதை மீண்டும் மீண்டும் கேட்டுக்கொண்டேயிருந்தால்தான் காப்பாற்ற முடிகிறது.

நம்மை ஆண்டவர்கள் தங்கள் ஜனங்களுக்கு எல்லாவற்றையும் தாராளமாக வாரிக் கொடுத்திருப்பார்கள் என்று நினைப்பவர்கள் நம்மில் உண்டு. அது சரியல்ல. அங்கேயும் ஏழைத் தாய் ஒவ்வொரு முழம் புல்தரைக்கும் ஒவ்வொரு டம்ளர் பாலுக்கும் போராடித்தான் பெற்றாள். நம் ஊர்களிலும் பாட்டிகள் குறைந்து வருகிறார்கள். சென்னையிலும் கோயமுத்தூரிலும் தாய் தகப்பன் இருவரும் உத்தியோகம் பார்க்கும் வீடுகள் பெருகிவருகின்றன. தெருக்கோடியில் நகரசபையின் சிறுவர் பூங்காவில் ஊஞ்சல் அறுந்து தொங்கினால், பார்த்துப் பெருமூச்சு விட்டுப் போகாமல் பத்து வீட்டார் சேர்ந்து ஒரு மனு எழுதலாம். முப்பதாயிரம் கையெழுத்துக்கும் முதற்கையெழுத்து என்று ஒன்று இருந்திருக்கும் அல்லவா?